நடு இடம்

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து சீட் கடையில் பிக்கப் வண்டியின் இரண்டு கதவும் திறந்து கிடக்கின்றன. மூன்று பேர் உட்காரும் நீள சீட்டின் கடைசி போல்ட்டை மதியழகனே கழற்றுகிறான். பேரணாம்பட்டிலிருந்து வரும் தோலை ஏற்றி இறக்கும் லோடுமேன் அவன். முதலாளி சர்தார் பாஷாவுக்கும் டிரைவர் தவ்ஃபீக்குக்கும் நடுவில், கியர் போடும்போதெல்லாம் முழங்காலை ஒதுக்கிக்கொண்டு ஒன்பது வருடமாக உட்கார்ந்து வந்தவன். சீட் மாற்றப்போவதாக பாய் சொன்னதும் குவியலைப் புரட்டி, உண்ணி கடித்த வடுவோ கத்திக் கீறலோ இல்லாத தோலாகத் தடவிப் பார்த்து எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். அந்தத் தோல் இப்போது தனித்தனி சீட்டாக, இரண்டே இரண்டாக வந்து நிற்கிறது. மாலை வெயில் அதன் தையலில் மின்னுகிறது. நடுவில் ஒரு சாண் வெறும் தகரம். "நான் எங்க பாய் உக்கார்றது?" சிரித்துக்கொண்டேதான் கேட்கிறான். "பின்னாடிதான். என் இடுப்பு நோவுக்கு தனி சீட்டுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு, இன்னா பண்றது?" என்கிறார் பாய். "தோல் மேல படுத்துக்குனு வா தோஸ்த், உனக்குத்தான் மெத்தை ஜாஸ்தி," என்கிறான் தவ்ஃபீக். கடைக்காரரும் சிரிக்கிறார். போல்ட்டெல்லாம் முடுக்கியானதும் பாய், "ஏறி உக்காந்து பாரு, ஆடுதா?" என்கிறார். மதியழகன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஏறி உட்காருகிறான். சீட் இரண்டு பக்கமும் விலாவை அணைத்துப் பிடிக்கிறது. முதுகு தானாகச் சாய்கிறது. இந்த வண்டிக்குள் முதல்முறையாக அவனால் காலை நீட்ட முடிகிறது. "ஆடல பாய். நல்லாருக்கு." "சரி, எறங்கு. லேட்டாவுது." இறங்குகிறான். பின்கதவின் கொக்கியை எடுத்து, தோல் கட்டுகளின் மேல் ஏறி, கொக்கியை உள்ளேயிருந்து தானே மாட்டிக்கொள்கிறான்.