இருபத்து மூன்று டிரங்க் கால்

“ஆத்தூர் போட்டி மில்லுக்கு இருபத்து மூணு டிரங்க் கால்! நம்ம ஜவ்வரிசி விலையைக் காட்டிக் கொடுக்கத்தானே?” முதலாளியின் வக்கீல் உறும, கூண்டில் நின்ற கணக்கர் தோமினிக் தலையைக் குனிந்துகொண்டான்.

டிரங்க் கால் பதிவுச் சீட்டுகளோடு சேலம் கோர்ட்டுக்கு வந்திருந்த டெலிபோன் ஆபரேட்டர் இசபெல்லா சாட்சி சொல்ல எழுந்து வந்தாள்.

“எத்தனை நிமிஷம் பேசினாரும்மா?” ஜட்ஜ் கேட்டார்.

“ஒரு நிமிஷம்கூட இல்லீங்க. லைன் கிடைக்கிறதுக்குள்ள இருபத்து மூணையும் கேன்சல் பண்ணிட்டாருங்க.”

“பின்னே எதுக்குப் பதிவு பண்ணினார்?”

“ஆத்தூர் லைன் கிடைக்கத்தான் ரொம்ப நேரமாகுமுங்க. எப்பக் கிடைக்கும்னு ஆபரேட்டரைக் கேட்டுக்கிட்டே இருக்கலாமே!”

கோர்ட் மொத்தமும் சிரித்தது.

“இந்தத் தொந்தரவுக்கு நீ புகார் கொடுக்கலையா?”

இசபெல்லாவின் முகம் சிவந்தது. “எப்படிங்க கொடுக்கிறது? வர்ற ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல எங்க ரெண்டு பேர் கல்யாணத்துக்கு மூணாவது அறிவிப்பு ஓலை வாசிக்கிறாங்களே!”