விழக் கூடாத பந்து

“பந்து குழியில விழக் கூடாது. அதுதான் எனக்கு வேணும்.”

அந்த வீட்டுப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னதும், புல்லுக்காரர் கையில் இழுத்துப் பிடித்திருந்த அளவு நாடாவை விட்டுவிட்டார். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

புல்லுக்காரர் என்பது மற்றவர்கள் வைத்த பெயர். வீட்டுத் தோட்டங்களில் செயற்கைப் புல் விரித்து, குழி பதித்து, கோல்ஃப் பந்தை உருட்டி விளையாடத் தரை அமைத்துக் கொடுப்பவர். எந்த மாடும் திரும்பிப் பார்க்காத புல் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கொஞ்ச காலமாக அந்தச் சிரிப்பு இல்லை. பக்கத்துத் தெருவில் அவர் போட்ட தரை முதல் மழைக்கே ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. களிமண் செய்த வேலை அது. மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். ஆனால் மண்ணை யார் திட்டுவார்கள்? அவர் பெயர்தான் கெட்டது. அதற்குப் பிறகு கூப்பிட்ட ஒரே வீடு இது. இங்கேயும் களிமண்தான். இதிலும் சறுக்கினால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

அதனால் இந்த முறை களிமண்ணை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி எடுத்து, தண்ணீர் வடியக் குழாய் பதித்து, ஜல்லி கொட்டி, கல் தூள் பரப்பி, இடித்து இடித்து மட்டம் கொண்டு வந்திருந்தார். இப்போது வந்து, குழியைச் சுற்றிலும் தரையைக் கவிழ்த்த தட்டு மாதிரி உயர்த்தச் சொல்கிறாள். பந்து குழிக்குக் கிட்டே போனதும் விலகி வேலிப் பக்கம் ஓட வேண்டுமாம்.

“யாரு மேடம் விளையாடப் போறது?”

“அப்பா.”

அப்பா வராந்தாவில் மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரராம். உள்ளே அலமாரி நிறையக் கோப்பைகள். வேலை தொடங்கியதிலிருந்து ஒரு நாள்கூட இறங்கி வந்து பார்க்கவில்லை. நீதிபதி மாதிரி இருந்த இடத்திலிருந்தே பார்ப்பார். அந்தப் பார்வை படும்போதெல்லாம் புல்லுக்காரர் மட்டப்பலகையை இன்னொரு தரம் வைத்துப் பார்ப்பார்.

பெற்ற அப்பாவையே ஏமாற்றி வேடிக்கை பார்க்கப் போகிறாளா, என்ன பெண் இவள் என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

“அண்ணா, அது எதுக்குன்னா…” என்று வராந்தாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவள் ஆரம்பித்தாள். அவர் முடிக்க விடவில்லை.

“பந்து விழலைன்னா களிமண் இறங்கிடுச்சுன்னுதான் சொல்வாங்க மேடம். நீங்க சொல்லித்தான் செஞ்சேன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா திரிய முடியும்?”

சொன்னபடி செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் ஆபீசுக்குக் கிளம்பிப் போனாள்.

செய்தார். மனமில்லாமல் மேடு கட்டினார். பந்தை உருட்டிப் பார்த்தார். குழியின் விளிம்பு வரை போய், நழுவி, வேலியில் முட்டி நின்றது. மறுபடி உருட்டினார், மறுபடியும் வேலி. ஒவ்வொரு தடவையும் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மதியச் சாப்பாடு இறங்கவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கேட்க ஆள் இல்லை. புல்லுக்காரர் மேட்டைச் சுரண்டி எடுத்தார், இடித்தார், புல்லை விரித்து மணல் தூவிக் கூட்டினார். பந்தை உருட்டினார்.

டொக்.

அப்பாடா என்றிருந்தது. நேரில் பார்த்தால் அவளுக்கும் பிடித்துப் போகும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் வந்தவள் புல்லைப் பார்க்கவே இல்லை. நேரே மட்டையோடு வராந்தாவுக்குப் போனாள். போர்வையை விலக்கி, அப்பாவின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். அவருடைய இடது கால் சும்மா தொங்கியது. புல்லுக்காரர் அதை அப்போதுதான் பார்த்தார்.

வராந்தாவை ஒட்டித் தொடங்கிய புல்லில் அவள் பந்தை வைக்க, ஓரத்துத் தூணில் சாய்ந்தபடி அப்பா மெல்லத் தட்டினார். பந்து நேராகப் போய்க் குழியில் விழுந்தது.

“மட்டம்னா இதுதான் மட்டம். பிரமாதமான வேலைப்பா,” என்றார் அப்பா. எத்தனையோ நாளாகப் புல்லுக்காரர் கேட்கத் தவித்த வார்த்தை. அடுத்த நொடியே அப்பா மட்டையை மகளிடம் நீட்டினார். நாற்காலியில் சரிந்து போர்வையை இழுத்துக்கொண்டார். “போட்டாச்சு. போதும்.”

அவள் கண் நிறைந்துவிட்டது. இறங்கி வந்து, அப்பா காதில் விழாதபடி சொன்னாள்.

“வாதம் வந்து விழுந்ததுலேர்ந்து ஒரு எட்டு எடுத்து வைக்கலைண்ணா. டாக்டர் கெஞ்சியாச்சு, நான் அழுதாச்சு. ஆனா பந்தைக் குழியில போடாம அப்பா ஆட்டத்தை விட்டதே இல்ல. விழாம ஓடியிருந்தா அது பின்னாடியே நடந்திருப்பாரு.”

புல்லுக்காரர் தன் தரையை ஒருமுறை பார்த்தார். பிறகு மண்வெட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

“ஐயா, என் வேலையை நம்பிடாதீங்க. அடியில களிமண்ணு. நாளைக்கே ஒரு பக்கம் இறங்கிடும், அப்புறம் பந்து விழவே விழாது.”