1774-ல் பஸ் ஏது?

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். பஸ் ஸ்டாண்ட் எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாண்டா? அப்படியொரு பொருளை யாம் கேட்டதும் இல்லை, கண்டதும் இல்லை, அம்மணி" என்றார் கொல்லர், சம்மட்டியைக் கீழே வைக்காமலே.

மெரெடித்துக்கு அழுகையே வந்துவிட்டது. வர்ஜீனியாவின் அந்தப் பழைய ஊரைச் சுற்றி வேலி போட்டு, உள்ளே இன்னும் 1774-ஆம் வருஷமாகவே வைத்திருந்தார்கள். வேலைக்கு இருக்கிற அத்தனை பேரும் முழங்கால் சராயும் பொய்முடியுமாக, அந்தக் காலத்து ஆட்களாகவே பேசவேண்டும். வாய்தவறி இந்தக் காலத்துப் பேச்சு ஒன்று வந்தால் போதும், வேலை போய்விடும். பார்க்க வருகிறவர்களின் செல்போனையும் வாசலிலேயே ஒரு பையில் போட்டுப் பூட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வழிகாட்டிப் பலகையா? மூச்!

காலையில் நுழைந்தபோது மெரெடித்துக்கு இதெல்லாம் ஏகப்பட்ட குஷி. முதுகில் ஒரு மூட்டையோடு, தன்னந்தனியாக, பழைய ஊர்களாகப் பார்த்துப் பஸ்ஸிலேயே சுற்றுகிறவள் அவள். போன வாரம் சவன்னாவில் பாதிரியார் வேஷம் போட்ட ஒருவர் ஓரமாக நின்று கோலா குடித்ததைப் பார்த்துவிட்டு, 'எல்லாம் போலி' என்று இணையத்தில் கிழி கிழியென்று கிழித்திருந்தாள்.

இப்போது சந்து சந்தாகச் சுற்றியதில் நுழைந்த வாசல் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோய், மாதாகோயில் மணியும் நாலரை அடித்துவிட்டது. நாளைக் காலையில் பால்டிமோரில் தங்கை ஜோஸிக்குக் கல்யாணம். மணப்பெண் தோழியாகப் பக்கத்தில் நிற்கவேண்டியவளே இவள்தான்.

"பிளேன்ல வந்து தொலையேன்க்கா!" என்று ஜோஸி நேற்றே போனில் தலையில் அடித்துக்கொண்டாள். "பஸ்ஸுலயே வந்து காட்டறேன் பாரு" என்று இவள் வீறாப்பாகச் சொன்னாள். "வரலேன்னா ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்கமாட்டேன்" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

ஐந்து மணி பஸ்ஸில் போனால்தான் ரிச்மண்டில் பால்டிமோருக்கு இரவு வண்டி கிடைக்கும். அதை விட்டால் கல்யாணத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

"ஐயா, நடிச்சது போதும். அஞ்சு மணிக்கு ரிச்மண்ட் பஸ்ஸு. அதை விட்டா என் தங்கச்சி கல்யாணமே போச்சு!"

"ரிச்மண்ட் செல்லும் வண்டியா?" கொல்லர் இருபுறமும் பார்த்துக்கொண்டார். "கலங்காதே, அம்மணி. உன்னை விட்டுவிட்டு அந்த வண்டி நகராது. இது எம் வாக்கு."

"உங்க வாக்கைத் தூக்கி உலையில போடுங்க! வாசல் எந்தப் பக்கம்னு கையையாவது காட்டுங்களேன்!"

"இந்த லாடம் ஒன்றுதான் பாக்கி. முடிந்ததும் யாமும் அவ்வழியே செல்வோம். சேர்ந்தே நடக்கலாமே?"

"சேர்ந்து நடக்கணுமா? ஆளைப் பாரு!" மெரெடித் போட்ட கூச்சலில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

மேலாளர் லாத்ரப் அம்மாள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். மெரெடித்தை ஓரமாக இழுத்துப்போய், "என்னாச்சும்மா?" என்று இந்தக் காலத்துப் பேச்சில் கிசுகிசுத்தாள்.

"என்ன ஆச்சா? அவசரத்துக்கு ஒரு வழி கேட்டா, நக்கல் பண்றாரு உங்க ஆளு! கூட வேற நடந்து வராராம்! நான் ஊர் ஊராப் போயி எழுதறவ, தெரியுமில்ல?"

அம்மாளின் முகம் வெளுத்தது. "ஐயையோ, எழுதிடாதீங்கம்மா. இப்பவே கூப்பிட்டு விசாரிச்சிடறேன்" என்று போன் பையின் பூட்டைத் தானே திறந்துவிட்டாள்.

சேதி கொல்லருக்குப் போயிற்று. சுற்றிலும் கூட்டம் நின்றதால் அவர் அப்போதும் வேஷத்தை விடவில்லை. "சீமாட்டி, அந்தி சாயுமுன் எமக்கு வேறொரு கடமை உண்டு. விசாரணையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாகாதா?"

லாத்ரப் அம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. "பாவம், நல்ல மனுஷன்தான். நாளைக்கு வெச்சுக்கட்டுமா?" என்று மெரெடித்தைப் பார்த்தாள்.

"அந்தக் கதையே வேணாம்! இன்னிக்கே, இப்பவே. நல்லா நிக்கவெச்சுக் கேளுங்க. லேசுல விட்டுடாதீங்க!"

"சரிம்மா, சரி. நீங்க அந்தச் சாராயக்கடையைத் தாண்டி நேராப் போங்க. வாசலும் அங்கதான், எதுத்தாப்பல பஸ் ஸ்டாண்டும் அங்கதான்."

மெரெடித் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். ரிச்மண்ட் பஸ் நின்றுகொண்டிருந்தது! முன் இருக்கையில் மூட்டையைப் போட்டு உட்கார்ந்ததும்தான் போன உயிர் வந்தது. 'பஸ் ஏறியாச்சு. நாளைக்கு உன் பக்கத்துல நிக்கறேன்' என்று ஜோஸிக்குச் சேதி அனுப்பினாள். அந்தக் கொல்லர் இந்நேரம் கைகட்டி நிற்பதை நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஐந்து அடித்தது. பஸ் நகரவில்லை. ஐந்தரையும் ஆயிற்று. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது, யாரோ கம்பெனியைத் திட்டினார்கள். மெரெடித் இறங்கி டிக்கெட் ஜன்னலுக்கு ஓடினாள்.

"ஏங்க, வண்டியை ஏன் இன்னும் எடுக்கல? நான் ரிச்மண்ட்ல ராத்திரி வண்டியைப் பிடிக்கணும்!"

"அதை இனிமே எங்க பிடிக்கறது!" ஜன்னலுக்குள் இருந்தவள் அலுத்துக்கொண்டாள். "டிரைவர் வந்தாத்தானே? ஒரு சம்பளத்துல குடும்பம் ஓடுதா? பகல்ல அந்தப் பழைய ஊர்ல கொல்லர் வேஷம் கட்டிட்டுத்தான் மனுஷன் வண்டியெடுக்க வருவாரு. இன்னிக்கு எவளோ ஒருத்தி புகார் குடுத்து, நாளைக்கு வேணாம், இப்பவே நிக்கவெச்சுக் கேளுன்னு ஒத்தைக்கால்ல நின்னாளாம். ஏழு மணி வரைக்கும் விடமாட்டாங்களாம்."