கீழ் நூல்

தண்ணீரில் போட்ட லேஸ் கலைந்துகொண்டிருந்தது.

தாள்தான் கரைய வேண்டும். கண்ணாடி போலிருக்கும் அந்த மெல்லிய தாளை வளையத்தில் இறுக்கி, அதன் மேல் மெஷினில் நூலாலேயே ஒரு வலை ஓட்டி, வலையின் மேல் பூவும் இலையுமாகத் தைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால் தாள் போய்விடும். நூல் மட்டும் லேஸாக நிற்கும். இன்றைக்குத் தாளோடு சேர்ந்து லேஸும் கிளம்பிவிட்டது.

தையல்காரி பேசினுக்குள் கைவிட்டுத் துழாவினாள். பூவைக் காணோம், இலையைக் காணோம். வெறும் நூல், சிக்கும் சிடுக்குமாக விரலில் சுற்றிக்கொண்டு வந்தது.

மூன்று நாள் வேலை. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் பதினோரு வருஷமாக லேஸ் போட்டவள், முதல் முறையாகத் தன் கல்யாணத்துக்குப் போட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்திரண்டு வயதில், அவள் இரண்டாம் முறையாக மணப்பெண். உடுப்பின் கழுத்துக்கு அந்த லேஸ்.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வலையை நெருக்கமாகத்தான் ஓட்டியிருந்தாள். ஒவ்வொரு பூவும் பக்கத்துப் பூவைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது. ஊசி புதுசு. இறுக்கம் சரி. தண்ணீரில் முழங்கையை வைத்துப் பார்த்தாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவுதான் சூடு.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று போனவர் எங்கிருந்தோ சொல்கிறாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை அவள். உயிரோடு இருந்தபோதே லேஸ் பக்கம் திரும்பிப் பார்க்காத மனுஷன், செத்து எட்டு வருஷம் கழித்தா வந்து பேசினில் கை வைக்கப் போகிறார்?

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். தடையே இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. ஒற்றை நூல். மேல் நூல் மட்டும். அதைக் கீழிருந்து பிடித்து நிறுத்த வேண்டிய பாபின் நூல் ஓர் இழைகூட இல்லை.

மெஷினிலிருந்து பாபினைக் கழற்றி, மிச்சமிருந்த நூலின் நுனியை நாக்கில் வைத்தாள். வழவழவென்று கரைந்துபோனது.

கரையும் நூல். துணியைத் தற்காலிகமாகப் பிடித்து ஓட்டுவதற்கு வாங்கியது. ஒரு அலசலில் காணாமல் போய்விடும். ஈரக் காற்று பட்டாலே பாழ் என்று தனியாக ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தாள். டப்பாவைத் திறந்தாள். புதுக் கண்டு பாதிக்கு மேல் காலி.

ஒரு பாபின் என்றால் கைத்தவறு. இந்த லேஸுக்கு ஒன்பது பாபின் போயிருந்தது.

ஒன்பதையும் சுற்றிக் கொடுத்தவள் மகள்.

மேல் நூலில் இந்த வேலையைக் காட்டியிருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும். ஊசியில் கோர்க்கும்போதெல்லாம் தையல்காரி நுனியை நாக்கில் வைத்து நனைப்பாள். கீழ் நூலை அவள் வாயருகே கொண்டுபோனதே இல்லை. அதைக் கவனித்து வைத்திருக்கக்கூடிய ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான்.

பதினேழு வயதுப் பெண். அம்மா லிப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றதும் கைதட்டிச் சிரித்தவள். உடுப்புக்குத் துணி பார்த்து எடுத்தவளும் அவள்தான். லேஸ் முடிந்தால்தான் கல்யாணம் என்று அம்மா அந்த மனுஷரிடம் விளையாட்டாகச் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அந்த விளையாட்டுப் பேச்சை இந்தப் பெண் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கோபம் வர வேண்டும். வரவில்லை. பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நினைத்தாள். சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்போமா என்றும் நினைத்தாள். அந்த மனுஷரை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. மகள் என்றால் உயிர்.

புதுத் தாளை எடுத்து வளையத்தில் இறுக்கினாள். இன்றைக்குப் புதன். இப்போதே உட்கார்ந்தால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம். மகளைக் கூப்பிட்டாள்.

"இறுக்கம் சரியில்ல போல, எல்லாம் கலைஞ்சுபோச்சு. இன்னொரு பாபின் சுத்திக் குடும்மா."

மகள் பேசினை எட்டிப் பார்த்தாள். காலி பாபின் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

தையல்காரி பேசினைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு, சுத்தமாக இருந்த பேசினைத் தேய் தேய் என்று தேய்த்தாள். டப்பா மூடி திறக்கிற சத்தம் காதில் விழுந்துவிடக் கூடாது.

திரும்பி வந்தபோது பாபின் மெஷின் மேல் இருந்தது. வெள்ளை நூல். சாதா நூல், கரையும் நூல், இரண்டு கண்டும் வெள்ளைதான். நாக்கில் வைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அவள் பார்க்கவில்லை. அப்படியே மாட்டி, மிதியை அழுத்தினாள்.

வலையின் முதல் வரி ஓடியது. பிறகு அடுத்தது. நீள வரிகள் முடிந்து குறுக்கு வரிகளும் முடிந்தன. மகள் உள்ளே போகவில்லை. மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று, நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

தையல்காரி முதல் பூவுக்கு வளையத்தைத் திருப்பினாள்.

"நிறுத்தும்மா," என்றாள் மகள். "அதை எடுத்துடு. வேற சுத்தித் தரேன்."

தையல்காரி பாபினைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். ஏன் என்று கேட்கவில்லை.