வெள்ளைச் சாமந்தியின் வைத்தியம்

சீனத்து மருந்துக்கடை ஒன்றில், ஒரே இழுப்பறைக்குள் காய்ந்த வெள்ளைச் சாமந்தியும் அதிமதுரமும் குடியிருந்தன.

"கண் சிவப்பா, தலைவலியா, உடம்புச் சூடா, எல்லாத்துக்கும் நான்தான்!" என்று சாமந்தி நாள் முழுக்கப் பீற்றிக்கொள்ளும்.

"சரி தாயே, கொஞ்சம் தள்ளிப் படு" என்று அதிமதுரம் முனகும்.

ஒரு நாள் பட்டு வியாபாரி லியாங் தட்டுத் தடுமாறி வந்தார். அவர் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. வைத்தியர் சாமந்தியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

கொதிநீரில் விழுந்ததும் சாமந்தி தன் வாசம், நிறம், கசப்பு எல்லாவற்றையும் இறக்கியது. லியாங் பெரிய கருமி. மூன்று நாளும் அதே பூவில்தான் வெந்நீர் ஊற்றிக் குடித்தார். சாமந்தியும் சளைக்காமல் ஊறியது.

நான்காம் நாள் காலை அவருக்குப் பார்வை பளிச்சென்று தெரிந்தது. குனிந்து கோப்பைக்குள் பார்த்தார்.

"சீச்சீ! இந்தக் குப்பையையா குடிச்சேன்?" என்று ஜன்னல் வழியே வீசினார்.

சாக்கடையில் விழுந்த சாமந்திக்கு அழுகை முட்டியது.

"யாரம்மா நீ, இப்படி நைஞ்சு போயிருக்கே?" என்று கேட்டது அங்கிருந்த தவளை.

சாமந்தி இதழை நிமிர்த்திக்கொண்டது.

"நான் கண் வைத்தியர். நோயாளிக்கு இப்போ பார்வை நல்லாத் தெரியுது."