முன்னால் போகிறவள்

அபாயச் சங்கு ஊதியதும், ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்திருந்த குடும்பத்தாரை எல்லாம் காவலாளி வாசலோரமாக நிறுத்திவைத்தார்.

“தண்ணியை மின்சாரத்தால பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கிறாங்க. புகையே இல்லாத எரிபொருள். எம் பொண்ணுதான் இங்க இஞ்சினீயர்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்த அம்மா, கண்ணால் மகளைத் தேடினாள்.

நாத்தனார்தான் முதலில் பார்த்தாள். “அண்ணி, அதோ உங்க இஞ்சினீயர். கையில துடைப்பம்!”

நீளக் கழியில் கட்டிய துடைப்பத்தை முன்னால் நீட்டியபடி, குழாய்களுக்கு நடுவே மகள் தனியாக நடந்துகொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் எட்ட நின்றார்கள்.

“தண்ணியைப் பிரிக்கிறாளா, தண்ணி தெளிச்சுக் கூட்டுறாளா?” நாத்தனார் சிரித்தாள்.

அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

அப்போது துடைப்பத்தின் நுனி, எதிலும் படாமலே, குப்பென்று பற்றிக்கொண்டது. மகள் சட்டென்று பின்வாங்கிக் கையை உயர்த்தினாள். யாரோ ஓடிப்போய் வால்வை மூடினார்கள். சங்கு ஓய்ந்தது.

“ஐயோ, அங்க தீயே இல்லையே!” என்றாள் நாத்தனார்.

“இருந்துச்சும்மா. ஹைட்ரஜன் எரிஞ்சா பகல்ல கண்ணுக்குத் தெரியாது” என்றார் காவலாளி. “துடைப்பம் பத்தினாத்தான் தெரியும். கசிவுன்னா தலைமை இஞ்சினீயர்தான் அதைப் பிடிச்சுக்கிட்டு முன்னால போகணும். அதோ டை கட்டி நிக்கிறாரே, எங்க முதலாளி, அவரே இவங்க கை காட்டாம ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

“முதலாளி எங்க நிக்கிறாரு, பாத்தியா? எம் பொண்ணு துடைப்பத்துக்குப் பின்னால!”