சிரிப்பண்ணன் சாக வேண்டாம்

"சிரிப்பண்ணனைச் சாகடிச்சீங்கன்னா ஒருத்தரும் சாப்பாட்டுல கை வைக்க மாட்டோம்னு எழுதிப் போட்டிருக்காங்க. நீங்களே பாருங்க!"

ஒலிப்பதிவு அறை மேசையில் துண்டுச் சீட்டுகளைக் கொட்டினாள் ஆலையின் நல அதிகாரி.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் உணவுக்கூடத்து ஒலிபெருக்கியில் பதினைந்து நிமிட வானொலி நாடகம். ஒன்பது வாரமாக ஓடுகிறது. ரத்த அழுத்தத்தைப் பற்றி டாக்டர் வந்து பேசியபோது கொட்டாவி விட்ட தொழிலாளர்கள், நாடகத்தில் தறி மெக்கானிக் சிரிப்பண்ணன் வாயைத் திறந்தால் தட்டை மறந்தார்கள். பிரஷர் பார்த்துக்கொள்ள இப்போது நர்ஸ் அறை வாசலில் வரிசை நிற்கிறது.

எழுதுகிறவர் சிப்பம் கட்டும் பிரிவுக்காரர். வாயைத் திறந்தால் எண்ணி நாலு வார்த்தை. பேனாவைத் திறந்தால் ஆலையே சிரிக்கும்.

"போன வாரம் அவரை மயங்கி விழ வச்சீங்க. நாளைக்குக் கடைசிப் பகுதி. அவரைப் பிழைக்க வச்சிடுங்க, எழுத்தாளரே."

"முடியாது மேடம். மாத்திரையை நிறுத்தி மூணு மாசமாச்சு. போயிடுவார்."

"ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேறி வந்து, 'மாத்திரையை விட்டுடாதீங்கப்பா'ன்னு அவரே சொல்லட்டுமே. கேக்கறவங்களுக்கு ஆறுதலா இருக்கும்."

"ஆறுதலாப் போச்சுன்னா மறுநாளே மறந்துடுவாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது.

"கல்நெஞ்சு சார் உங்களுக்கு. பார்த்துப் பார்த்து வளர்த்த ஆளை இப்படி ஈவிரக்கம் இல்லாம..."

அவர் சிதறிக் கிடந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். எழுதிவந்த தாள்களை அவள் பக்கம் நகர்த்தினார்.

வேண்டாவெறுப்பாகப் படித்தவள் இரண்டாம் பக்கத்தில் நின்றாள்.

"இது யாரு, 'தம்பி'ன்னு ஒருத்தன்? ஒன்பது வாரமா இப்படி ஒரு ஆளே கிடையாதே!"

"இந்த வாரம் வர்றான். மூணு மாசத்துக்கு முந்தி நடந்ததைக் காட்டறேன்."

அவள் வாய்விட்டுப் படித்தாள். "'தலைசுத்தல் இருக்கா? இல்லை. வலி இருக்கா? அதுவும் இல்லை. கல்லு மாதிரி இருக்கே, உனக்கு எதுக்குண்ணே கிழவனாட்டம் மாத்திரை? தூக்கிப் போடு!' தம்பி சிரிக்கிறான். அண்ணனும் சிரித்துக்கொண்டே மாத்திரை அட்டையை ஜன்னலுக்கு வெளியே எறிகிறார்."

தாளை மெல்லக் கீழே வைத்தாள்.

"பிரஷர் ஒரு தொந்தரவும் காட்டாமலே ஆளைச் சாய்க்கும்னு நர்ஸ் தலைபாடா அடிச்சுக்கறாங்க. நீங்க நாலு வரியில சொல்லிட்டீங்க. ஆனா, அந்தத் தம்பியைக் கரிச்சுக் கொட்டுவாங்களே சார்?"

"கொட்டட்டும்."

"அது சரி, இந்த வேஷத்துக்கு யார் வருவா? ஆலை முழுக்கத் திட்டு வாங்கணுமே! பதிவுக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

அவர் எழுந்துபோய் மைக் முன்னால் உட்கார்ந்தார்.

"ஆள் தேட வேணாம். நானே பேசறேன்."

"நீங்களா? சத்தமாக்கூடப் பேச மாட்டீங்களே! ஒரு ஒத்திகையாவது பார்க்க வேண்டாமா?"

"வேண்டாம் மேடம்" என்றார் அவர், தாளைத் திரும்பிப் பார்க்காமல். "எங்க அண்ணன்கிட்ட ஒரு தடவை இதைச் சொல்லியிருக்கேன். இதே மாதிரி சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவரும் கேட்டுட்டார்."